பதினேழு பெயர்களும் ஒரு பொறாமைக்காரனும்

1

இந்தக் கதை பொறாமையில் பிறந்தது. மற்ற எழுத்தாளர்கள் தங்கள் கதை கண்ணீரில் பிறந்தது, கனவில் பிறந்தது என்று சொல்லிக்கொள்கிறார்கள். எனக்கு அந்த வசதி இல்லை. 1984ஆம் வருஷம், ஏற்காடு பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஆறுமுகத்தின் டீக்கடையில், என்னுடைய — இல்லை, மனுவேல் என்பவருடைய — பெஞ்சைச் சுற்றி உட்கார்ந்திருந்த பதினாலு பேர் ஒரே நாளில் எழுந்து எதிர்ப் பெஞ்சுக்குப் போனார்கள். அதை மறக்க முடியாமல் பதின்மூன்று வருஷம் கழித்து எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் ‘நான்’ என்றுதான் ஆரம்பித்தேன். நாலாவது வரிக்குள் நான் நல்லவனாகிவிட்டேன். கிழித்துவிட்டு ‘மனுவேல்’ என்று ஆரம்பித்தேன். மனுவேலுக்கு என் வயசு, என் மூக்கு, என் மனைவி. மற்றபடி எனக்கும் அவருக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

2

தொடக்கம் ஒன்று: ‘சேர்வராயன் மலையைப் பனி போர்த்தியிருந்த ஒரு காலைப் பொழுதில்—’

வேண்டாம். பனியைப் பற்றி மனுவேல் சொன்ன பிறகு யார் எழுதினாலும் எடுபடாது. ஒரு தை மாதம் ஆபீஸ் வாசலில் ஆணி இல்லாததால் குடையைப் பனியிலேயே மாட்டிவிட்டு அவர் உள்ளே போனார். மத்தியானம் வெளியே வந்தால் பனி போய்விட்டது, குடை மட்டும் அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருக்கிறது. “குடைக்குத் தகவல் போகல” என்பார், முகத்தில் ஒரு சுருக்கம் மாறாமல். அடிவாரத்தில் பஸ் ஏறிய கோழி ஒன்று இருபது கொண்டை ஊசி வளைவு முடிவதற்குள் முட்டையிட்டுக் குஞ்சு பொரித்து, குஞ்சுகளுக்குக் கண்டக்டர் அரை டிக்கெட் கேட்ட கதையும் அவருடையதுதான். ஊரே சிரிக்கும். ஒருத்தரும் நம்ப மாட்டார்கள். அதுதான் ஒப்பந்தம்.

தொடக்கம் இரண்டு: மனுவேல் எஸ்டேட் ரைட்டர். முப்பது வருஷமாகக் காலையில் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிட்டவர். நல்ல குரல். அந்தக் குரலுக்காகவே கோயிலிலும் ஒரு வேலை கொடுத்திருந்தார்கள். நவம்பர் இரண்டாம் தேதி கல்லறைத் திருநாளன்று, குடும்பத்துக்குக் குடும்பம் சீட்டில் எழுதிக் கொடுக்கும் இறந்தவர்களின் பெயர்களைக் கல்லறைத் தோட்டத்தில் நின்று உரக்க வாசிப்பார். உயிரோடு இருப்பவர்களைத் தினமும், போனவர்களை வருஷத்துக்கு ஒருமுறை.

இந்தத் தொடக்கம் பரவாயில்லை. வைத்துக்கொள்வோம்.

3

1984 வைகாசியில் ஆறு குடும்பங்கள் இலங்கையிலிருந்து வந்து எஸ்டேட்டின் கீழ் லைனில், கூலியாட்களின் வரிசை வீடுகளில், குடியேறின. (எஸ்டேட் பெயர் வேண்டாம். இன்றைக்கு அது லாட்ஜ். தேனிலவுக்கு வருகிறவர்கள் பயந்துகொள்வார்கள்.) பாட்டன் காலத்தில் சேலம் ஜில்லாவிலிருந்து தேயிலைத் தோட்டத்துக்குப் போனவர்களின் பேரப் பிள்ளைகள். அரசாங்கக் காகிதத்தில் ‘தாயகம் திரும்பியோர்’. ஊருக்கு அவ்வளவு நீளமாகச் சொல்ல நேரமில்லை, ‘சிலோன்காரங்க’ என்றது.

அவர்களில் ஐயாக்கண்ணு என்பவருக்கு நாற்பத்தைந்து வயசு இருக்கும். பேசத் தெரியாது. ஜீப் ஓட்டும் சேகர்தான் ஒருநாள் டீக்கடையில் வாயைக் கிளறினான்.

“ஏனுங்க, அங்க என்னதானுங்க நடந்துச்சு?”

ஐயாக்கண்ணு டீக்கிளாஸைக் கீழே வைத்தார்.

“விடியக் காலைங்க. ஆளுங்க வந்து லயத்து வீடுங்களுக்கு முன்னால நின்னாங்க. கையில கடதாசி. எங்க பேரெல்லாம் அதுல இருந்திச்சு, லய நம்பரோட.”

நிறுத்தினார். எவ்வளவு நேரம் என்று மனுவேல் மனசுக்குள் எண்ணினார். பதினொன்று வரை எண்ணினார். ஒருத்தரும் அசையவில்லை.

“அங்க காலையில பெரட்டுன்னு உண்டுங்க. பேரு கூப்பிட்டா ‘இருக்கேங்க’ன்னு வெளிய வரணும். சின்ன வயசிலருந்து அதே பழக்கம். வந்தவங்க பேர வாசிச்சாங்க. தூக்கக் கலக்கத்துல எல்லாரும் பெரட்டுன்னு நெனச்சு ‘இருக்கேங்க’ன்னு கதவத் தொறந்துட்டாங்க. அப்பன் ஆத்தா பின்னால வந்த பிள்ளைங்களும் சேத்துப் பதினேழு பேரு. எங்க வீட்டுக்காரிதான் மொதல்ல கதவத் தொறந்தா. மகன் அவ காலுக்கு நடுவால வெளிய ஓடிட்டான்.”

“நீங்க?”

“அந்தக் கடதாசிய எழுதினவன் எம்பேர விட்டுட்டானுங்க.”

சேகர் பெஞ்சில் அடித்தான். “சிங்களவனுங்க ஒருத்தனையும் விடக்கூடாதுங்க! குடும்பத்தோட—”

ஐயாக்கண்ணு கையைத் தூக்கினார். “அப்பிடிப் பேசாதீங்க தம்பி. அங்கயும் பேச்சுதான் மொத வந்திச்சு. டீக்கடையில, பஸ்ஸில, ஆறு மாசம் பேசினாங்க. எரிச்சது ஒரே நாள்தான்.”

கடையில் பால் கொதிக்கும் சத்தம் மட்டும் கேட்டது. ஆறுமுகம் அடுப்பைத் தணிக்க மறந்து நின்றார். பால் பொங்கி வழிந்தது.

இந்த இடத்தில் மனுவேலுக்கு இரக்கம் வந்தது என்று எழுத எனக்கு ஆசை. வந்தது, சாயங்காலம். அந்த நிமிஷத்தில் அவருக்குத் தோன்றியது வேறு: எங்கே நிறுத்த வேண்டும் என்று இந்த ஆளுக்கு யார் சொல்லிக்கொடுத்தது? என் கோழிக்கு ஒரு நாளாவது பால் பொங்கியிருக்கிறதா?*

[* இந்த வரியை மூன்று முறை அடித்தேன். அடிக்க அடிக்கத் தெளிவாகத் தெரிகிறது. விட்டுவிட்டேன்.]

மறுநாள் மனுவேல் புதுச் சிறுத்தைக் கதையோடு போனார். நேர்த்தியான சிறுத்தை, படகுக்கு வாடகை பேசி ஏரியில் போய்ச் சுற்றும். பாதியில் ஆறுமுகம், “அண்ணா, கொஞ்சம் பொறுங்க. ஐயாக்கண்ணு வந்துரட்டும்” என்றார். ஐயாக்கண்ணு வந்து எதிர்ப் பெஞ்சில் உட்கார்ந்ததும் பதினாலு பேரும் எழுந்து அங்கே போனார்கள்.

வீட்டுக்கு வந்து மனுவேல் சோறு சரியில்லை என்றார். அவர் மனைவி ஜெயமேரி சட்டியைக் கீழே வைத்தாள்.

“அந்த மனுசன் பெத்த பையனப் பறிகொடுத்துட்டு நிக்கறாரு. நீங்க பெஞ்சப் பறிகொடுத்துட்டு நிக்கறீங்க. ரெண்டும் ஒரே துக்கந்தானுங்க, அழுவுங்க.”

4

பொறாமை ஏழு வருஷம் கெடாமல் இருக்குமா என்று நீங்கள் கேட்கலாம். இருக்கும். மலைக் குளிருக்கு எதுவும் சீக்கிரம் கெடாது.

1991 மே மாதம் நாட்டையே உலுக்கிய ஒரு கொலை நடந்தது. அதன் பிறகு ஊருக்குச் சிலோன் தமிழ் காதில் விழுந்தாலே போதும், பேச்சு நின்றது. வந்தவர்கள் அகதிகளா, ஆயுதக்காரர்களா, நம் தாத்தாவின் ஊரிலிருந்து போனவர்களா என்று பிரித்துப் பார்க்க யாருக்கும் பொறுமையில்லை. டீக்கடையில் எதிர்ப் பெஞ்சு காலியாயிற்று. ஆனால் பதினாலு பேரும் மனுவேலிடம் திரும்பி வரவில்லை. செய்தித்தாளிடம் போய்விட்டார்கள்.

அந்த ஐப்பசியில் ஐயாக்கண்ணு மனுவேல் வீட்டு வாசலில் வந்து நின்றார். கையில் நாலாக மடித்த ஒரு காகிதம்.

“ஐயா, அந்தப் பதினேழு பேரு இதுல இருக்குங்க. பொதைக்க இடமில்ல, கல்லுமில்ல. நீங்க நவம்பர்ல வாசிக்கிறீங்கள்ல, அதுல ஒருவாட்டி வாசிச்சிட்டீங்கன்னா போதும். பாதிப் பேரு சாமி கும்பிடுற ஆளுங்க, உங்கள மாதிரி வேதக்காரங்க இல்ல. அது பரவாயில்லைங்களா?”

“ஃபாதரத்தானுங்க கேக்கோணும்” என்றார் மனுவேல். காகிதத்தைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் ஜெபப் புத்தகத்துக்குள் வைத்தார். ஃபாதரைக் கேட்கவும் இல்லை. டீக்கடையில் போனது போதாதா? மிச்சமிருந்த ஒரே மேடை அந்தக் கல்லறைத் தோட்டம். அங்கேயும் இந்தப் பதினேழு பேரை வாசித்தால் அழுகிறவர்கள் யாருக்காக அழுவார்கள்? குரலுக்காகவா?

5

(இந்தப் பகுதியில் மனுவேல் அடிப்படையில் நல்லவர் என்று இரண்டு பக்கம் எழுதியிருந்தேன். எடுத்துவிட்டேன். கதைக்கு அது தேவைப்படவில்லை, எனக்குத்தான் தேவைப்பட்டது.)

6

இரண்டு நாள் கழித்து டீக்கடையில் சேகர் கேட்டான். “என்னங்கண்ணா, சிலோன்காரரு உங்க ஊட்டுக்கு வந்துட்டுப் போனாராமா? கையில என்னமோ காயிதமாமா?”

“பட்டியல்” என்றார் மனுவேல்.

“என்ன பட்டியலுங்க?”

“பேருதான்.”

“யாரு பேரு?”

மனுவேல் டீயை ஒரு வாய் உறிஞ்சினார். கோழிக் கதை சொல்லும் அதே முகம். “நம்ம பேருதான் சாமி. எந்த ஊட்டுல யாரு, எத்தன பேரு, எல்லாம் எழுதிருக்குது. அங்க அவங்களுக்குச் செஞ்சாங்கல்ல, இங்க நமக்குச் செஞ்சு பழகப் போறாங்களாமா.”

சிரிப்புக்காக நிறுத்தினார்.

யாரும் சிரிக்கவில்லை.

பால் கொதிக்கிற சத்தம் கேட்டது. பதினாலு முகங்களும் அவரையே பார்த்தன. ஏழு வருஷமாக அவர் பொறாமைப்பட்ட அந்த அமைதி, அதே கடையில், அதே அளவில், இதோ அவருக்கும் வந்துவிட்டது. அப்போதாவது ‘சும்மா சொன்னேன்’ என்று சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தை. நான் — மனுவேல் — சொல்லவில்லை. அந்த அமைதியின் ருசி அப்படி. “நொம்ப சின்ன எழுத்துல எழுதிருக்குது” என்று இன்னொரு வரி சேர்த்தார்.

அறுபது வருஷத்தில் அவர் சொன்ன ஆயிரம் பொய்யில் ஊர் நம்பியது இது ஒன்றைத்தான்.

7

மூன்றாம் நாள் காலையில் கீழ் லைனில் ஆறு கதவுகளில் சுண்ணாம்பால் பெருக்கல் குறி போட்டிருந்தது. மற்ற கதவுகள் சுத்தமாக இருந்தன. ஐயாக்கண்ணுவின் தங்கை காளியாயி ஈரத்துணியால் ஆறையும் துடைத்தாள். மறுநாளும் இருந்தது. மளிகைக் கடையில் அரிசி இல்லை என்றார்கள், மூட்டை கண்ணுக்கு எதிரே இருக்க. பள்ளிக்கூடத்துக்குப் போன பிள்ளைகள் மண்டையில் காயத்தோடு திரும்பின.

மனுவேல் டீக்கடைக்கு ஓடினார்.

“நாஞ் சொன்னது பொய்யிங்க. அது செத்தவங்க பேரு. கல்லறையில வாசிக்கக் குடுத்தாரு. மாதா மேல சத்தியம்.”

கடை ஒரு கணம் அவரைப் பார்த்தது. பிறகு வெடித்துச் சிரித்தது. ஒருத்தனுக்குப் புரையேறியது.

“பாத்தீங்களா, அண்ணன் அடுத்த கதைய எடுத்துட்டாரு!”

“கதையில்லீங்க, நெசம்!”

“கோழிக்கும் இதத்தானுங்க சொன்னீங்க” என்றார் ஆறுமுகம், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

சேகர் மட்டும் சிரிக்கவில்லை. “அந்தச் சிலோன்காரனுங்க மெரட்டிருக்கானுங்க. பாவம், வயசான மனுசன். சரிங்கண்ணா, பொய்யின்னா அந்தக் காயிதத்தக் கொண்டாந்து காட்டுங்க. பாத்துப்புடலாம்.”

மனுவேல் வீட்டுக்குப் பறந்தார். ஜெபப் புத்தகத்திலிருந்து காகிதத்தை எடுத்து முதல்முறையாகப் பிரித்தார்.

ஆறுமுகம். தனலட்சுமி. சேகர். பழனியம்மாள். கந்தசாமி. ராஜேந்திரன். மரியஜோசப்.

மனுவேல் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். தனலட்சுமி, டீக்கடை ஆறுமுகத்தின் மனைவி பெயர். கந்தசாமி, மளிகைக் கடைக்காரர். இதைக் கொண்டுபோய்க் காட்டினால் இன்றைக்குச் சாயங்காலமே லைன் எரியும்.

(நான் கைவைத்து அமைத்த திருப்பம் என்று நினைக்காதீர்கள். எனக்கு இவ்வளவு வராது. வந்திருந்தால் சிறுத்தையைப் படகில் ஏற்றிக்கொண்டு ஏன் திரிகிறேன்?)

8

மழையில் நனைந்தபடி கீழ் லைனுக்குப் போனார். ஆறு வீட்டிலும் மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்கள். நாளை நவம்பர் இரண்டு. சாயங்காலம் ஐந்து மணி பஸ்ஸில் சேலம் இறங்குவதாக முடிவு. சேலத்திலிருந்து எங்கே என்று முடிவில்லை.

மனுவேல் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். கோழி, பெஞ்சு, பால், பட்டியல்.

ஐயாக்கண்ணு கோபப்படவில்லை. “எங்க மேல என்னங்க ஐயா கோவம்?”

“கோவமில்லீங்க. பொறாமைங்க.”

“எங்ககிட்ட என்ன இருக்குன்னு?”

“உங்க கதைங்க.”

காளியாயி மூட்டைக் கயிற்றைக் கீழே போட்டாள். சிரித்தாள். அப்படி ஒரு சிரிப்பை மனுவேல் எந்தக் கதைக்கும் வாங்கியதில்லை; வாங்கவும் வேண்டாம்.

“அதா? எடுத்துக்கிட்டுப் போங்க ஐயா. இப்பவே எடுத்துக்கங்க. எட்டு வருசமா யாருக்காச்சும் குடுத்துரலாமான்னுதான் பாக்குறோம். ஒருத்தரும் வாங்குற மாதிரி இல்ல. நீங்க வச்சுக்கங்க, அந்தக் கோழிய எங்களுக்குக் குடுங்க. பிள்ளைங்க தூங்குறப்ப சொல்றதுக்கு ஆவும்.”

மனுவேல் காகிதத்தை நீட்டினார். “இதுல இருக்கறது எங்க ஊரு பேராவே இருக்குதுங்க. வாசிச்சா ஊரு தப்பா எடுத்துக்கும்.”

“எங்க பாட்டன் சேலத்துலருந்துதான போனான்? பேரு மட்டும் வேறயாவா வெப்பான்?” என்றாள் காளியாயி.

ஐயாக்கண்ணு காகிதத்தைத் திருப்பி மனுவேல் கையிலேயே வைத்தார். முதல் வரியை விரலால் காட்டினார். பெயருக்குப் பக்கத்தில் சின்னதாக ஓர் எண்.

“மொத பேரு எம்மவனுங்க. வயசும் போட்டிருக்கேங்க. அதையும் சேத்து வாசிங்க. நாங்க வெளிய நின்னு கேட்டுட்டுப் பஸ்ஸுக்குப் போறோம்.”

“கேட்டப்பறம் ஊரு இருங்கன்னு சொன்னா?”

ஐயாக்கண்ணு யோசித்தார். “சொன்னா இருப்போங்க. எங்களுக்குப் போறதுக்கு எடம் எங்க இருக்கு?”

9

நவம்பர் இரண்டு, சாயங்காலம் நாலு மணி. கல்லறைத் தோட்டம் முழுக்க மெழுகுவத்தி, சாமந்தி, ஊதுவத்திப் புகை. கேட்டுக்கு அருகில் வழக்கம்போல ஆறுமுகம் டீக் கேனோடு நிற்கிறார். வருஷா வருஷம் அன்றைக்கு அவருக்கு நல்ல வியாபாரம். சேகர் ஜீப் மேல் சாய்ந்திருக்கிறான். மதிலுக்கு வெளியே ஆறு குடும்பம், மூட்டைகளோடு. மனுவேல் பங்கு மக்களின் பெயர்களை வாசித்து முடித்துவிட்டார். ஃபாதர் புத்தகத்தை மூடப் போகிறார். மனுவேல் சட்டைப் பையிலிருந்து காகிதத்தை எடுத்துப் பிரிக்கிறார். கேட்டருகே யாரோ “பட்டியல்!” என்கிறார்கள். கூட்டம் நெருங்குகிறது.

இதற்கு மூன்று முடிவு எழுதிப் பார்த்தேன்.

முடிவு அ: மனுவேல் தன் வெண்கலக் குரலில் வாசிக்க, ஊர் கதறி அழுது, ஐயாக்கண்ணுவின் கையைப் பிடித்து— நிறுத்திவிட்டேன். இதில் வெண்கலக் குரல்தான் கதாநாயகன். பொறாமைக்காரன் எழுதிய முடிவு என்று பார்த்தாலே தெரிகிறது.

முடிவு ஆ: ‘ஆறுமுகம்’ என்று வாசித்ததும், கேட்டருகே ஆறுமுகம் தன்னையறியாமல் ‘இருக்கேனுங்க’ என்கிறார். நேர்த்தியான முடிவு, கைதட்டு விழும். அதனாலேயே அடித்தேன். முன்னால் வைத்ததைப் பின்னால் எடுத்துக் காட்டும் வித்தையைக் கோழியோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். செத்துப்போன பிள்ளையை வைத்துக் காட்டக் கூடாது.

முடிவு இ: முதல் கல் மதிலுக்கு அந்தப் பக்கம்— இதை எழுதக் கை வரவில்லை.

ஆகவே நடந்த வரைக்கும் சொல்லி விடுகிறேன். மனுவேல் வாசித்தார். குரல் நன்றாக இல்லை. முந்தின நாள் மழையில் நனைந்திருந்தது.

“ஆறுமுகம். வயது நாலு.”

ஆறுமுகம் டீ ஊற்றிக்கொண்டிருந்த கை அப்படியே நின்றது. சேகர் ஜீப்பிலிருந்து முதுகை எடுத்தான். மதிலுக்கு வெளியே ஐயாக்கண்ணு தலையைக் குனிந்துகொண்டார்.

“தனலட்சுமி. வயது இருபத்தொன்பது.”

ஆறுமுகம் கேனைக் கீழே வைத்தார். கூட்டத்துக்குள் நடந்து வர ஆரம்பித்தார். எதற்கு வருகிறார் என்று மனுவேலுக்குத் தெரியவில்லை. முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. மனுவேல் அடுத்த வரிக்குப் போனார்.

“சேகர். வயது ஒன்பது.”

இத்தோடு நான் விலகிக்கொள்கிறேன். மிச்சத்தை நான் சொன்னால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். நம்பினால் அதைவிட மோசம். நான் சொன்னதை ஒருமுறை நம்பியவர்கள் என்ன செய்தார்கள் என்று பார்த்தீர்கள் அல்லவா? பட்டியலில் இன்னும் பதினாலு பெயர் இருக்கிறது. கூட்டத்தில் நீங்களும் நிற்கிறீர்கள். அடுத்த பெயர் உங்களுடையது, வேறு ஒரு வயதோடு. பஸ்ஸுக்கு இன்னும் அரைமணி நேரம் இருக்கிறது. உங்கள் பக்கத்தில் நிற்பவன் குனிந்து எதையோ எடுக்கிறான்; கல்லா, மெழுகுவத்தியா, இங்கிருந்து எனக்குத் தெரியவில்லை. உங்களுக்குத் தெரியும். அவனிடம் ஏதாவது பேசுங்கள்.

என்ன பேசினீர்கள் என்று எனக்கு எழுதுங்கள். அதையே இந்தக் கதையின் முடிவாக வைத்துக்கொள்கிறேன், உங்கள் பெயரோடு. நான் எழுதியதைவிட நன்றாக இருந்தால் பொறாமைப்படுவேன். அதற்குத் தயாராக இருக்கிறேன்.